ஆங்கிலக் கடன்சொற்களின் ஒலிப்பும் பொருளுணர்வும்: காலப்படிவ நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலச் சொற்றொகுதியின் பெரும்பகுதி பிறமொழிகளிலிருந்து பெறப்பட்டது. அச்சொற்களின் எழுத்துக்கூட்டும் ஒலிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமை, ஆங்கிலத்தை நூல்வழியே கற்கும் தமிழ் மாணவர்க்குப் பெருந்தடையாக உள்ளது. இப்பொருந்தாமை ஒழுங்கற்றது என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. ஒரு சொல் எம்மொழியிலிருந்து, எக்காலத்தில், எவ்வழியாக ஆங்கிலத்திற்குள் வந்தது என்பதை அறிந்தால் அதன் ஒலிப்பின் பெரும்பகுதி விளக்கம் பெறும் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் நிறுவ முற்படுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலம் சென்ற சொற்களும் இந்நோக்கில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கடன்சொல், ஒலிப்பு, எழுத்துக்கூட்டு, அசையழுத்தம், மிகைத்திருத்தம், சொற்பொருள் மாற்றம்.

முன்னுரை

பிறமொழிச் சொல்லை ஏற்கும் மொழி தன் ஒலியமைப்பிற்கும் அச்சொல்லின் மூல வடிவிற்கும் இடையே ஏதேனும் ஓர் இணக்கம் காண வேண்டியுள்ளது. வடசொல் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் எனத் தொல்காப்பியம் எச்சவியலில் வரையறுத்தது. நன்னூல் பதவியலின் வடமொழியாக்கப் பகுதி, எவ்வெழுத்து எவ்வெழுத்தாகத் திரியும் என்பதை விரித்துரைத்தது. தமிழின் வழி இதனால் தெளிவாகிறது. வந்த சொல்லின் எழுத்து மாறும். மாறிய எழுத்தே அதன் ஒலிப்பைக் காட்டும்.

ஆங்கிலம் பெரும்பாலும் இதற்கு மாறான வழியில் சென்றது. வந்த சொல்லின் எழுத்துக்கூட்டைக் கூடியவரை அப்படியே காத்துக்கொண்டு, ஒலிப்பை மட்டும் தன்வயப்படுத்தியது. படைத்துறைப் பதவியொன்றைக் குறிக்கும் ‘கர்னல்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. இத்தாலிய மூலத்தில் லகரம் உடைய இச்சொல் பிரெஞ்சில் ரகர வடிவும் பெற்றது. ஆங்கிலம் லகர வடிவை எழுத்திலும் ரகர வடிவை ஒலியிலும் நிலைநிறுத்தியது. தமிழோ ஒலியை மட்டும் ஏற்று ‘கர்னல்’ என்றே எழுதிக்கொண்டது.

எழுத்தைக் கண்டு ஒலியை அறியும் பழக்கமுடைய தமிழ் மாணவர், ஆங்கிலச் சொல்லையும் அவ்வாறே படிக்கிறார். காதால் கேளாது நூலில் மட்டுமே கண்ட சொல்லை அவர் பிழைபட ஒலிக்கும்போது, அது அறியாமையின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. உண்மையில் அப்பிழை, அவர் அச்சொல்லைப் படித்து அறிந்திருக்கிறார் என்பதற்கே சான்றாகும். ஆகவே ஒலிப்புப் பிழையைத் திருத்துவதோடு நில்லாமல், அது நேரும் காரணத்தை விளக்குவது கற்பித்தலுக்கு இன்றியமையாததாகிறது.

இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்கள் அவற்றின் ஒலிப்பையொட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. அச்சொற்களில் வரும் சகரம், ‘பச்சை’ என்னும் சொல்லிலுள்ள இரட்டைச் சகரத்தின் ஒலியையே குறிக்கும்.

ஓர் எழுத்துக்கூட்டு, மூன்று ஒலிகள்

‘சி’, ‘எச்’ ஆகிய இரண்டும் இணைந்த எழுத்துக்கூட்டு, ஆங்கிலக் கடன்சொற்களின் வரலாற்றை அறியச் சிறந்த வாயிலாகும். அது சகரமாகவும் ஷகரமாகவும் ககரமாகவும் ஒலிக்கப்படுகிறது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் மிகுதியாக ஆங்கிலத்துள் வந்தன. அக்காலப் பழைய பிரெஞ்சில் இக்கூட்டு சகரமாகவே ஒலித்தது. எனவே ‘சேர்’, ‘சேம்பர்’, ‘சேஞ்ச்’, ‘சாம்பியன்’ முதலிய முற்காலக் கடன்சொற்கள் சகர ஒலியைப் பெற்றன. பின்னர்ப் பிரெஞ்சு மொழியில் அவ்வொலி ஷகரமாகத் திரிந்தது. அத்திரிபுக்குப்பின் ஆங்கிலம் பெற்ற ‘மஷீன்’, ‘ஷாம்பெய்ன்’, ‘ஷாண்டலியர்’ முதலியன ஷகரத்துடன் வந்தன. கிரேக்க மூலமுடைய ‘கோரஸ்’, ‘கேயாஸ்’, ‘கேரக்டர்’, ‘ஆர்க்கிடெக்ட்’ முதலியவற்றில் அதே கூட்டு ககரமாக ஒலிக்கிறது.

இவ்வேறுபாட்டைத் தலைமை குறித்த இரு சொற்கள் நன்கு புலப்படுத்துகின்றன. ‘தலை’ என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் சொல்லே ‘சீஃப்’, ‘ஷெஃப்’ ஆகிய இரண்டிற்கும் மூலம். முன்னது இடைக்காலத்தில் வந்து சகரம் பெற்றது. பின்னது 19ஆம் நூற்றாண்டில் வந்து ஷகரம் பெற்றது. பொருளிலும் இவை பிரிந்தன. முன்னது பொதுவாகத் தலைவரைச் சுட்ட, பின்னது சமையற்கூடத் தலைவரை மட்டும் சுட்டுகிறது. ஒரே மூலம் இரு காலங்களில் இரு சொற்களாக வந்தமையால், ஒலிப்பு வேறுபாடு பொருள் வேறுபாட்டையும் காக்கிறது.

மூலமொழியை மட்டும் அறிவது போதாது, வந்த வழியையும் அறிய வேண்டும் என்பதற்கும் இக்கூட்டே சான்று தருகிறது. பேராயரைக் குறிக்கும் ‘ஆர்ச்பிஷப்’, தலைமைத் தேவதூதரைக் குறிக்கும் ‘ஆர்க்கேஞ்சல்’ ஆகியவற்றின் முன்னொட்டு ஒன்றே. இரண்டும் கிரேக்க மூலமுடையன. முதலாவது பழைய ஆங்கிலக் காலத்திலேயே வழக்கிற்கு வந்து, அம்மொழியின் ஒலிமாற்றங்களுக்கு உட்பட்டது. இரண்டாவது கற்றோர் வழக்கின் ககரத்தைத் தக்கவைத்துக்கொண்டது. விதிவிலக்குப் போலத் தோன்றும் இவ்விணை, காலமும் வழியும் ஒலிப்பை முடிவுசெய்கின்றன என்னும் கருத்தை வலுப்படுத்துவதாகவே உள்ளது.

அசையழுத்தமும் உயிரொலியும்

ஆங்கிலத்தின் இயல்பான பெயர்ச்சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில் அமையும். நெடுங்காலம் ஆங்கிலத்தில் பழகிய கடன்சொற்களும் அவ்வியல்பைப் பெற்றுவிடுகின்றன. ‘வில்லேஜ்’, ‘கரேஜ்’ (துணிவு), ‘லாங்குவேஜ்’ ஆகியவற்றில் அழுத்தம் முதல் அசையில் உள்ளது. ஈற்றசையின் உயிர் குறுகி ‘இஜ்’ என ஒலிக்கிறது. அதே ஈற்றெழுத்துகளை உடைய ‘மிராஜ்’ (கானல்நீர்) என்பதில் ஈற்றசை அழுத்தமும் பிரெஞ்சு உயிரும் நீடிக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த, ஊர்தி நிறுத்துமிடத்தைக் குறிக்கும் ‘கராஜ்’ இன்னும் நிலைபெறவில்லை. அமெரிக்கர் ஈற்றசையை அழுத்துகின்றனர். பிரித்தானியர் பெரும்பாலும் முதலசையை அழுத்துகின்றனர். அவருள்ளும் ஒரு சாரார் அதனை ‘வில்லேஜ்’ போலவே குறுக்கி ஒலிக்கின்றனர். ஒரு கடன்சொல் தன்வயமாகும் படிநிலைகள் அனைத்தும் இன்றைய வழக்கில் ஒருங்கே காணக்கிடைப்பது இச்சொல்லின் சிறப்பாகும்.

ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை ஆங்கில நெட்டுயிர்கள் ஒலியிடம் மாறின. ‘பெரும் உயிரொலி மாற்றம்’ எனப்படும் இந்நிகழ்வுக்கு முன்னர் வந்த ‘ஃபைன்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லில் ஈகாரம் ஐகாரமாகியது. 16ஆம் நூற்றாண்டில் வந்த ‘மஷீன்’ ஈகாரத்தைத் தக்கவைத்துக்கொண்டது. தேநீரைக் குறிக்கும் ‘டீ’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. சீனத்தின் மின்னான் வழக்கிலுள்ள ‘தே’ என்பதே அதன் மூலம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப் தம் கவிதையில் இச்சொல்லை ‘ஒபே’ என்பதோடு இயைபுத் தொடையாக அமைத்தார். அக்காலத்தில் அது ‘டே’ என ஒலிக்கப்பட்டது என்பதற்கு இது சான்றாகும். ஆங்கிலம் கைவிட்ட அவ்வுயிர், தமிழின் ‘தேயிலை’, ‘தேநீர்’ ஆகிய சொற்களில் இன்றும் வாழ்கிறது.

ஒலிக்கப்படாத எழுத்துகள்

ஒலியின்றி நிற்கும் எழுத்துகளை இருவகைப்படுத்தலாம். முதல்வகை, ஆங்கிலத்தின் மொழிமுதல் வரம்பினால் தோன்றியது. உளவியலையும் நுரையீரல் அழற்சியையும் குறிக்கும் ‘சைக்காலஜி’, ‘நிமோனியா’ ஆகியவற்றின் எழுத்துக்கூட்டில் பகரம் முதலில் நிற்கிறது. கிரேக்கத்தில் அது ஒலித்தது. அத்தகைய மெய்ம்மயக்கம் ஆங்கிலத்தில் மொழிமுதலாக வாராமையால் ஒலிப்பில் நீங்கியது. தமிழும் ரகரம், லகரம் ஆகியன மொழிமுதலாகாமையால் ‘இரத்தம்’, ‘உலகம்’ என உயிரை முன்வைத்துக்கொண்டது. தமிழ் ஓர் உயிரைக் கூட்டியது. ஆங்கிலம் ஒரு மெய்யைக் குறைத்தது. இரண்டும் தத்தம் மொழிமுதல் மரபைக் காத்துக்கொண்ட முயற்சிகளே.

இரண்டாம் வகை, கற்றோரின் தலையீட்டால் தோன்றியது. கடனைக் குறிக்கும் ‘டெட்’, ஐயத்தைக் குறிக்கும் ‘டவுட்’ ஆகியன பிரெஞ்சிலிருந்து பகரமின்றியே வந்தன. இலத்தீன் மூலத்தைக் காட்டும் நோக்குடன் பிற்காலத்தார் அவ்வெழுத்தை எழுத்துக்கூட்டில் சேர்த்தனர். அது ஒருபோதும் ஒலி பெறவில்லை. ஆயின் ‘ஃபால்ட்’ என்பதில் இவ்வாறே சேர்க்கப்பட்ட லகரமும், ‘பெர்ஃபெக்ட்’ என்பதில் சேர்க்கப்பட்ட ககர ஒலியெழுத்தும் காலப்போக்கில் ஒலிக்கப்படலாயின. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ கடன்சொல்லே அன்று. இலத்தீன் வழிவந்த மற்றொரு சொல்லோடு மயங்கியதால் அதனுள் சகர எழுத்து புகுந்தது. எழுத்தைப் பார்த்துப் படித்து ஒலியையே மாற்றிய இந்நிகழ்வுகள் தாய்மொழியாளரிடையே நிகழ்ந்தவை. எழுத்துவழி ஒலித்தல் தமிழ் மாணவருக்கு மட்டும் உரிய குறையன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

மிகைத்திருத்தம்

பிறமொழிச் சொல்லை அதன் மூல ஒலிப்புடன் சொல்ல முயன்று, மூலத்திலும் இல்லாத ஒலியைப் படைப்பது மிகைத்திருத்தம் ஆகும். ‘தாஜ்’ என்னும் சொல்லின் ஈற்று ஜகரம் ஆங்கிலத்தில் இயல்பாக உள்ள ஒலியே. எனினும் ஆங்கிலேயர் பலர் அதனை ஷகரத்தின் ஒலிப்புடை இணையான உரசொலியாக மாற்றுகின்றனர். ‘பெய்ஜிங்’ என்னும் நகரப் பெயரிலும் இதுவே நிகழ்கிறது. அவ்வுரசொலி பிரெஞ்சுக் கடன்சொற்களால் ஆங்கிலத்தில் பழக்கமானது. நாளடைவில் ‘அயன்மை’யின் பொது அடையாளமாகக் கருதப்பட்டது. இறுதி அடியைக் குறிக்கும் ‘கூ த கிராஸ்’ என்னும் பிரெஞ்சுத் தொடரில் ஈற்று ஸகரத்தை விடுத்து ‘கிரா’ என்போரும் உளர். பிரெஞ்சில் ஈற்றுமெய் ஒலிக்காது என்னும் அரைகுறை விதி, ஒலிக்க வேண்டிய மெய்யையும் அழித்துவிடுகிறது. அச்சொல் ‘அருள்’ என்னும் பொருளை இழந்து ‘கொழுப்பு’ என்னும் பொருள்பட நிற்கிறது.

தமிழிலிருந்து சென்ற சொற்கள்

ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்களைத் திரட்டித் தந்தது. முகரம் நாள் ஊர்வலத்தில் எழும் ஹசன், ஹுசைன் என்னும் முழக்கம் ஆங்கிலப் படைவீரர் வாயில் திரிந்ததே அந்நூலின் பெயராயிற்று. அறியாத ஒலித்தொடரை அறிந்த பெயர்களாக மாற்றிக்கொள்ளும் போக்கினைத் தலைப்பே காட்டுகிறது.

வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் அது ‘கேட்டமரான்’ ஆயிற்று. அழுத்தம் ஈற்றசைக்குச் சென்றது. இடையிலுள்ள உயிர்கள் மங்கிய நடு உயிராகின. பொருளும் மாறியது. நெதேனியல் ஹெர்ஷாஃப் 1876இல் வடிவமைத்த ‘அமரில்லிஸ்’ போன்ற இரட்டை உடற்படகுகளுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. மரங்களைக் கட்டுதல் என்னும் வினைப்பொருள் அங்கு இல்லை. ஒலிப்பு மாறியதால் ‘கட்டு’, ‘மரம்’ என்னும் பகுப்பு மறைந்தது; பகுப்பு மறைந்த சொல் புதுப்பொருளை எளிதில் ஏற்றது.

‘மிளகுத்தண்ணீர்’ என்பது ‘மலிகடானி’ ஆகி, அழுத்தம் நான்காம் அசையில் அமைந்தது. அதன் ஈறு, பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டையே பெற்றது. பொருளளவில் அது இறைச்சியும் சேரும் கெட்டியான சூப்பாக மாறிவிட்டது. ‘குருந்தம்’ என்னும் கனிமப் பெயர் ‘கொரண்டம்’ ஆனபோது இலத்தீன் ஈறு போன்ற வடிவைப் பெற்றதால், பலரும் அதனை இலத்தீன் சொல்லாகவே கருத இடமுண்டாயிற்று. ‘சுருட்டு’ பிரெஞ்சு வடிவத்தின் வழி ஆங்கிலம் சென்றதாக அகராதிகள் குறிக்கின்றன. அதனால்தான் அதன் எழுத்துக்கூட்டில் ‘சி’, ‘எச்’ இணைந்திருப்பினும் ‘ஷெரூட்’ என ஷகரத்துடன் ஒலிக்கிறது. மேலே கண்ட காலப்படிவ விதி தமிழ்ச் சொல்லுக்கும் பொருந்துவதை இது காட்டுகிறது.

‘பரையா’ என ஒலிக்கப்படும் ஆங்கிலச் சொல் வேறொரு வகையில் கருதத்தக்கது. பறையர் என்னும் சமூகப் பெயரிலிருந்து பிறந்த அச்சொல் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்னும் பொதுப்பொருளில் இன்றும் அரசியல், இதழியல் எழுத்துகளில் பயில்கிறது. றகரம் மறைந்து உயிர்கள் திரிந்த வடிவத்தில், வாழும் ஒரு சமூகத்தின் பெயர் அதனுள் இருப்பதைப் பயன்படுத்துவோர் உணர்வதில்லை. காலனியக் காலத்துச் சாதி இழிவு அச்சொல்லின் பொருளாகவே உறைந்துவிட்டது. கடன்சொல்லின் மூலத்தை அறிவது ஒலிப்புத் திருத்தத்திற்கு மட்டுமன்றி, எச்சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்னும் தெளிவிற்கும் உதவுகிறது.

அகராதிகளும் ஒலிப்புத் தரமும்

ஆங்கிலத்திற்கு ஒலிப்பை வரையறுக்கும் அதிகார அமைப்பு இல்லை. ஜான் வாக்கர் 1791இல் ஒலிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். 1917இல் வெளிவந்த டேனியல் ஜோன்சின் அகராதி, வழக்கிலுள்ள ஒலிப்பைப் பதிவுசெய்வதையே நோக்கமாகக் கொண்டது. 1990இல் ஜான் வெல்ஸ் வெளியிட்ட லாங்மன் ஒலிப்பு அகராதி, இருவகை ஒலிப்புடைய சொற்களுக்கு மக்கள் விருப்பக் கணக்கெடுப்பையும் பயன்படுத்தியது. பிபிசி நிறுவனம் 1926இல் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைமையில் பேச்சு ஆங்கில ஆலோசனைக் குழுவை அமைத்தது. அவருக்குப்பின் பெர்னார்ட் ஷா தலைமையேற்றார். 1939இல் அதன் பணி நின்றது. அறிஞர் குழுவும் வழக்கை ஓரளவே நெறிப்படுத்த முடிந்தது.

1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதற்பதிப்பில், ஜேம்ஸ் மரே சொற்களை நால்வகையாகப் பகுத்தார். இயல்பினர், குடியேறியோர், அயலார், வந்து செல்வோர் என அவற்றைத் தமிழில் கூறலாம். தன்வயமாகாத சொற்களின்முன் இரு நெடுங்கோடுகள் இடப்பட்டன. தமிழ் இலக்கண மரபின் தற்சமம், தற்பவம் என்னும் பாகுபாட்டோடு இது ஒப்பிடத்தக்கது. தமிழ்ப் பாகுபாடு எழுத்தின் திரிபை அடிப்படையாகக் கொண்டது. மரேயின் பாகுபாடு சொல்லின் வழக்குரிமையை அடிப்படையாகக் கொண்டது.

ஆங்கில எழுத்தைக் கொண்டு அயல் ஒலியைக் காட்டுவதிலுள்ள இடர்ப்பாட்டைத் தமிழக நிகழ்வொன்றும் உணர்த்தியது. தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டுகள் சில விவாதத்திற்கு உள்ளானதால் சில நாள்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. குறில் நெடில் வேறுபாட்டையும் ழகர, ளகர வேறுபாட்டையும் குறிக்க ஆங்கிலத்தில் ஒரே சீரான எழுத்துமுறை இல்லை என்பதே சிக்கலின் வேராகும்.

கற்பித்தலுக்கான வழிமுறை

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் அறியாத சொல்லை அணுகும் நெறி ஒன்றை வகுக்கலாம். முதலில் எழுத்துக்கூட்டைக் கொண்டு சொல்லின் படிவத்தை உய்த்துணர வேண்டும். மருத்துவம், மெய்யியல், அறிவியல் சார்ந்த சொல்லாயின் கிரேக்க மூலமும், உணவு, உடை, கலை சார்ந்த சொல்லாயின் பிற்காலப் பிரெஞ்சு அல்லது இத்தாலிய மூலமும் எதிர்பார்க்கத்தக்கன. அடுத்து அழுத்தம் பெறும் அசையைத் தேர வேண்டும். அழுத்தம் பிறழ்ந்தால் உயிரொலிகளும் பிறழும் என்பதால் மெய்யொலித் திருத்தத்தினும் இதுவே முதன்மையானது. மூன்றாவதாக, உய்த்துணர்ந்ததை அகராதியில் சரிபார்க்க வேண்டும். அகராதி இரு ஒலிப்புகளைத் தருமாயின் இரண்டையும் ஏற்க வேண்டும். நான்காவதாக, மூலப்பொருளும் இன்றைய பொருளும் ஒன்றே எனக் கொள்ளாது, தொடரின் சூழலால் பொருளைத் துணிய வேண்டும்.

உய்த்துணர்வு சில இடங்களில் தவறும். ‘ஷெஃப்’ வகையைச் சார்ந்ததெனக் கருதி இத்தாலிய உணவான ‘புருஸ்கெட்டா’வை ஷகரத்தோடு ஒலிப்போர் ஆங்கிலேயரிடையேயும் பலர். இத்தாலியத்தில் அக்கூட்டு ககர ஒலியுடையது. இத்தகைய தவறும் ஒரு விதியை மற்றொரு படிவத்திற்கு ஏற்றியதன் விளைவே ஆதலின், ஆசிரியர் அதனை விளக்கப் பாடமாகவே கொள்ளலாம்.

முடிவுரை

ஆங்கிலக் கடன்சொற்களின் ஒலிப்பு, அவை வந்த காலத்தையும் வழியையும் பதிவுசெய்து வைத்துள்ளது. எழுத்துக்கூட்டு மூலத்தையும், ஒலிப்பு தன்வயமான அளவையும், பொருள் வழங்கிய சூழலையும் காட்டுகின்றன. இம்மூன்றையும் இணைத்துக் காணும்போது ஒழுங்கின்மையாகத் தோன்றியவற்றுட் பல காரணத்தோடு கூடியனவாகின்றன. ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்பதும் தமிழில் ‘கட்டுமரம்’ என்பதும் அவ்வம்மொழிக்கு உரிய வடிவங்களே. ஒன்றைக் கொண்டு மற்றதைப் பிழையெனல் பொருந்தாது. ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பறைகளில் சொல்வரலாறு சிறு அளவிலேனும் இடம்பெறுமாயின், மாணவர் ஒலிப்பை மனப்பாடம் செய்யும் சுமை குறையும். நூலில் மட்டும் கண்ட சொல்லைப் பலர்முன் கூறத் தயங்கும் நிலையும் மாறும். தமிழ்ச் சொற்கள் பிறமொழிகளில் பெற்ற ஒலிப்பு, பொருள் மாற்றங்களை இந்நோக்கில் தனித்தனியே விரிவாக ஆராய்வதற்கும் இடமுள்ளது.